மேற்படி

சென்ற விடுமுறையில் அன்னவாசலில் உறவினர் இல்லத்துத் தங்கியிருந்த ஞான்று, பழைய கிரயப் பத்திரம் ஒன்று எம் கைக்கு எட்டிற்று. அதன்கண் ஊரின் பெயரும் நிலத்தின் பெயரும் முதன்முறை முழுமையாக எழுதப்பெற்று, பின்னர் வருமிடந்தோறும் ‘மேற்படி’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருந்தன. சிலவிடத்து அச்சொல்லும் இன்றி ௸ என்னும் ஒற்றைக் குறியே நின்றது. எழுதிய கணக்கர் தாளையும் மையையும் மிச்சப்படுத்தினார். ஆயினும் பொருள் ஓரணுவும் குறைந்திலது.

அன்று மாலை, தேர்வுக்கு வேண்டிய இலக்கண உரையொன்றைக் கைப்பேசியிற் காண முயன்றோம். முதலில் நாடிய தளத்தில் உரைக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே திரை நிறையத் தோன்றின. மற்றொரு தளத்தில் உரை செம்மையாகவே வந்தது; ஆயின் அது வந்து சேர்வதற்குள் பொழுதும் சாய்ந்தது; அன்றைய தரவளவும் பெரும்பாலும் தீர்ந்தது. ஒரு தளம் சுருக்கியதைச் சொல்லாது விட்டது, மற்றொன்று சுருக்கவே மறந்தது என்று கணினித்துறை நண்பர் விளக்கக் கேட்டோம். தமிழ் பயில்வார் இதனை அறிதல் இன்றியமையாதது என்பதே எம் கருத்து.

‘தமிழ்’ என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்தாக எண்ணுகிறோம். யூனிகோட் அதனைத் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்தாகப் பிரிக்கும். இணையத்திற் பெருவழக்காகிய யூ.டி.எப்.-8 முறையில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டாதலின், அச்சொல் 15 பைட்டாகும். அதனையே ஆங்கில எழுத்தில் எழுதின் 5 பைட்டே. இனி, அம்மூன்றனுள் முதற்பைட்டு தமிழ்க்குறி அனைத்திற்கும் ஒன்றே. இரண்டாவதும் இருவகையின் மிகாது. நன்னூலார் நூற்குக் குற்றமென விலக்கிய கூறியது கூறல் இங்கே எழுத்துதோறும் நிகழ்கின்றது என்க.

இதற்கு மருந்து ‘மேற்படி’யே. 1977-இல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் என்னும் இருவர் வெளியிட்ட முறை, முன் வந்த தொடர் மீண்டும் வருங்கால், ‘இத்தனை எழுத்துப் பின்சென்று இத்தனை எழுத்து எடுத்துக்கொள்க’ எனக் குறித்து அமையும். 1952-இல் டேவிட் ஹஃப்மன் வகுத்த முறை, அடிக்கடி வருவனவற்றுக்குக் குறுங்குறியும் அருகி வருவனவற்றுக்கு நெடுங்குறியும் அளிக்கும். நம் கணக்கர் நாளுக்கு ௳ எனவும், மாதத்திற்கு ௴ எனவும், ஆண்டிற்கு ௵ எனவும் எழுதியதும் இந்நெறியே அன்றோ? இவ்விரண்டும் இணைந்ததே 1992-இல் வெளிவந்த ஜீஜிப். இதனாற் சுருக்கப்பெற்ற நூல் ஓரெழுத்தும் பிறழாது மீள விரியும். நீண்ட தமிழுரையாயின் மூன்றிலொரு பங்கினும் குறையச் சுருங்குதல் இயல்பு.

உலாவி ஒரு பக்கத்தை வேண்டும்பொழுதே தான் விரிக்கவல்ல முறைகள் இவையெனக் கூறும். சர்வர் அவற்றுள் ஒன்றாற் சுருக்கி, இன்ன முறையாற் சுருக்கினேன் என்று தலைப்பில் எழுதி விடுக்கும். அவ்வெழுத்து விடுபடின் பெறுவோன் காண்பது யாம் கண்ட குறிக்குப்பையே. நன்னூலார் நூலின் அழகு பத்தென எண்ணுங்கால் சுருக்கத்தை முதலிலும் விளக்கத்தை அதனையடுத்தும் நிறுத்தினார். இரண்டாவதின்றி முதலது அழகாகாது.

தமிழெழுத்து பளுவாதலின் வேறு குறிமுறையே வேண்டும் என்பார் உளர். தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்து முறையையும் ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றும் தனியிடம் பெறும் அம்முறை எழுத்தாராய்ச்சிக்கு நலம் பயப்பதை யாம் மறுக்கிலோம். ஆயின் வழிச்சுமை ஒன்றையே காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. அச்சுமையை வழியிலேயே இறக்கலாம். 2015-இல் கூகிள் வெளியிட்ட பிரோட்லி என்னும் முறையின் உள்ளகராதியில் ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், இந்தி, உருசியம், அரபு ஆகியவற்றின் சொற்கள் உள, தமிழ் இல்லை. இது வருந்தத்தக்கதே. ஆயினும் அவ்வகராதி சிறுபக்கங்கட்கே பெரிதும் உதவும். நீண்ட நூலுக்கு அந்நூலே அகராதியாம். பிறர் தாராததை எண்ணி வருந்துமுன், கையிலுள்ளதைப் பயன்கொள்ளுதல் நம் கடன்.

வருவதை மட்டுமன்றிப் போவதையும் எண்ணுதல் வேண்டும். மாணவன் தன் கட்டுரையைக் கல்லூரிக்கு அனுப்புங்கால், அது பெரும்பாலும் சுருங்காமலே செல்கின்றது. ஏற்கும் சர்வர் விரிக்க வல்லதோ அன்றோ என்று கைப்பேசி முன்னறியாமையே காரணம். அதனை முன்னறிவிக்க 2015-இலேயே விதி வகுக்கப்பட்டது. எனினும் வாயிற்காப்போன் எச்சரிக்கையாயிருத்தலும் வேண்டும். தீயோன் விடுத்த சிறுபொதி, விரிந்தால் ஏறக்குறைய ஆயிரமடங்காகி இயந்திரத்தை முடக்கக்கூடும். ஆதலின் விரியும் அளவுக்கு வரம்பு கட்டுக. முன்னரே சுருக்கப்பட்ட ஒளிப்படத்தை மீண்டும் சுருக்குதலும், நாலைந்து சொல்லே உள்ள விடையைச் சுருக்குதலும் வீண்முயற்சி.

அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசற் குன்றில், கற்படுக்கையின் மருங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உளது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதாகக் கருதப்படும் அவ்வெழுத்து, கல்லின் அருமை நோக்கிச் சில சொல்லிலேயே பொருளை அடக்கிற்று. ஆயின் படிக்கும் முறை மறந்தமையால் அது நெடுங்காலம் ஊமையாய்க் கிடந்தது. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே எனக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். திறவுகோல் இல்லாச் சுருக்கம் புதையலாகுமேயன்றிப் பொருளாகாது.

ஒரே கைப்பேசியை மூவர் பகிர்ந்து படிக்கும் வீடுகள் நம் மாணவரிடைப் பல உள. அவர்கட்கு ஒவ்வொரு பைட்டும் காசு. தமிழ்த்தளம் நடத்தும் பெரியோர்காள்! நும் சர்வரிற் சுருக்கம் இயங்குகின்றதா என இன்றே நோக்குமின். சுருக்கியதைத் தலைப்பிற் கூறுமின். இம்மலர் இணையத்தில் ஏறும் நாளில், முதற்கண் நம் கல்லூரியும் மேற்படி செய்வதாக.