நினிவேயும் நீலகிரியும்

மாமன்னர்கள் கட்டிய மாநகரங்கள் என்று வரலாற்று நூல்கள் பட்டியல் தருகின்றன. அசீரியரின் தலைநகரான நினிவே அப்பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது. கட்டியவன் சென்னகெரிப் என்கிறார்கள். மன்னனா மண் சுமந்தான்? மன்னனா கல் இழுத்தான்? இழுத்தவர் யார் என்பதை அவன் அரண்மனைச் சுவரே சொல்லுகிறது!

இன்றைய ஈராக்கின் வடபகுதியில், டைக்ரிஸ் ஆற்றங்கரையில் ஓங்கியது அசீரியப் பேரரசு. வாளும் முற்றுகைப் பொறியும் மட்டுமல்ல, குடிமக்களை வேரோடு பெயர்த்தெடுப்பதும் அதன் ஆயுதம். சமாரியாவிலிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாக இரண்டாம் சார்கோன் கல்வெட்டிலே பெருமை பேசினான். கி.மு. 701இல் லாகீஷ் நகரம் வீழ்ந்தது. மூட்டை முடிச்சுகளோடு, மாட்டு வண்டியோடு, பெண்டு பிள்ளைகள் ஊரைவிட்டு வெளியேறும் காட்சியைச் சென்னகெரிப் சுவரில் செதுக்க வைத்தான். இன்னொரு சுவரில், கோலேந்திய கங்காணிகள் நிற்க, பிரமாண்டமான காளைச் சிலையைச் சிறைபிடிக்கப்பட்டோர் கயிறு கட்டி இழுக்கிறார்கள்.

அசீரியரின் அறிவுச் செல்வத்தை நாம் மறுக்கவில்லை. அசுர்பனிபால் மன்னன் சேர்த்த களிமண் பலகை நூலகம் இல்லையேல், கில்காமேஷ் காவியத்தின் பெரும்பகுதி உலகுக்குக் கிட்டியிராது. ஆனால் நூலகத்தைப் புகழும் நாக்கு, கயிறு இழுத்த கைகளை மறப்பது நியாயமா?

அந்தச் சுவர்களைத் தோண்டியெடுத்தவர் லேயார்டு என்ற ஆங்கிலேயர். 1839இல் அவர் லண்டனிலிருந்து புறப்பட்டது எங்கே தெரியுமா? இலங்கைக்கு! வழியில் மனம் மாறித் தங்கிவிட்டார். அவர் போகாத அந்த இலங்கைக்குத்தான் அதே காலத்தில் பஞ்சத்தால் விரட்டப்பட்ட நம் தமிழர்கள், கங்காணியின் பின்னே, காப்பித் தோட்டங்களுக்கு நடந்து கொண்டிருந்தார்கள். காப்பி போய்த் தேயிலை வந்தது. தலைமுறைகள் உழைத்தன. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

சார்கோன் வாளால் செய்ததை இவர்கள் பேனாவால் செய்தார்கள். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அங்கே நோக்கம் அடிமைப்படுத்துவது. இங்கே இரு அரசுகளும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்ட சமரசம். ஆயினும் பெயர்க்கப்பட்டவனுக்கு முடிவு ஒன்றே: பிறந்த மண் இல்லை, வந்த மண்ணில் உரிமை இல்லை.

தாயகம் திரும்பியோருக்காக 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்னும் கழகமாயிற்று. நல்ல முயற்சிதான். ஆனால் லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை ஓய்ந்தால் வீடும் கைவிட்டுப் போகும். ஆயுள் முழுதும் கொழுந்து பறித்தவள் முதுமையில் எங்கே போவாள்?

லவ்டேலுக்கு வாருங்கள். 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி, ஹென்றி லாரன்ஸ் பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது. 1908இல் ஊட்டியை எட்டிய மலை ரயில் அவ்வழியே ஓடுகிறது. 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையும் அதற்குக் கிடைத்தது. பாறை உடைத்துப் பாதை அமைத்தவன் பெயர் ஏதேனும் பலகையில் உண்டா?

நினிவே கி.மு. 612இல் தரைமட்டமானது. கல்லுக்குக் காட்டும் மரியாதையில் பாதியை உயிரோடிருக்கும் உழைப்பாளிக்குக் காட்டட்டும் அரசு. தாயகம் திரும்பிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த மனை, கையில் பட்டா — இதுவே நம் கோரிக்கை. தோட்டந்தோறும், சங்கந்தோறும் இந்தக் குரல் எழட்டும்!