‘நகல்’ என்னும் பழிச்சொல்

மைசூரில் தமிழர் நால்வர் கூடிக் கலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கேலிச்சித்திர மேதை ஆர். கே. லக்ஷ்மண் பெயர் வராமல் அப்பேச்சு முடிவதில்லை. பெயர் வந்ததும் இரு கட்சிகள் எழுந்துவிடும். “அவர் யாரிடமும் கற்றவரல்லர், கருவிலே திருவுடையார்” என்பது ஒரு கட்சி. “எல்லாம் ஆங்கிலேயர் நாட்டு டேவிட் லோவின் நகல்தானே!” என்று உதட்டைப் பிதுக்குவது மற்றொரு கட்சி. எதிரெதிரே நின்று வாதிடும் இவ்விரு சாராரும் உள்ளுக்குள் ஒரே கருத்தினர் என்பதே நாம் சொல்ல வருவது. பிறரிடமிருந்து பெறுதல் கலைஞனுக்கு இழுக்கு என்று இருவருமே நம்புகின்றனர். அவ்விழுக்கு அவருக்கு இல்லை என்கின்றனர் முன்னவர். உண்டு என்கின்றனர் பின்னவர். நம்பிக்கையே பிழை என்கிறோம் நாம். பிழை நம் பெரியோர் வாயோடு நின்றிருந்தால் பொறுத்திருப்போம். அது நம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளைக் கட்டுவதால் பொறுப்பதற்கில்லை.

நிகழ்ந்ததை முதலில் நோக்குவோம். 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மைசூரில், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் தமிழ்க் குடும்பத்தில், கடைக்குட்டியாகப் பிறந்தவர் லக்ஷ்மண். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமுன்னரே ஸ்ட்ராண்ட், பஞ்ச், பைஸ்டாண்டர், டிட்-பிட்ஸ் முதலிய ஆங்கில இதழ்களின் படங்களில் ஆழ்ந்து கிடந்தார். வீட்டுத் தரையும் சுவரும் கதவும் அவருக்கு வரைபலகை ஆயின. வகுப்பில் ஆசிரியர் ஓர் இலை வரையச் சொன்னபோது அரச இலையொன்றை வரைந்து பாராட்டுப் பெற்றதையும், அன்றுமுதல் தம்மை ஓவியர் என்றே எண்ணத் தொடங்கியதையும் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். ஹிந்து நாளிதழில் அவ்வப்போது வெளியான லோவின் படங்கள் அவரைக் கட்டி இழுத்தன. ஆனால் அக்கையொப்பத்தின் முதலெழுத்தை நெடுநாள் தவறாகப் படித்து, வரைந்தவர் பெயர் ‘கௌ’, அதாவது பசு, என்றே நினைத்திருந்தாராம்! பெயர்கூடச் சரிவரத் தெரியாத ஒருவரைக் குருவாகக் கொண்ட இந்த ஏகலைவனை நகலெடுத்தவன் என்று ஏசுவது என்ன நியாயம்?

லோவின் மாணவர் என்பதை நாம் மறுக்கவில்லை; மறுக்கத் தேவையும் இல்லை. தூரிகையின் கருமை, கோட்டின் சிக்கனம், அரசியல்வாதியின் உடல்வாகிலேயே அவன் குணத்தைக் காட்டிவிடும் துணிவு ஆகியவற்றை லோவிடம் கற்றார். ஆனால் பெற்றதை என்ன செய்தார் என்று பார்க்க வேண்டாவா? லோ 1934-இல் படைத்த கர்னல் பிளிம்ப் தொந்தியும் தொங்குமீசையுமாக நின்று ஓயாது அபத்தம் பேசுபவர். அவர் பேச்சே அவரை அம்பலப்படுத்தும். டைம்ஸ் ஆஃப் இந்தியா இதழில் 1951-இல் தொடங்கிய ‘யூ செட் இட்’ படங்களில் உலவிய லக்ஷ்மணின் ‘பொதுமனிதர்’ வேட்டியும் கட்டம்போட்ட கோட்டும் மூக்குக்கண்ணாடியுமாக ஐம்பதாண்டுகளுக்கு மேல் வாய் திறவாமலே நின்றார். பிறர் பேசுவதைக் கேட்டுத் திகைத்து நிற்கும் அந்த மௌனம் லோவின் பெட்டியில் இருந்து எடுத்ததா? நியூசிலாந்தில் பிறந்து லண்டன் சென்ற அந்த லோவும் பஞ்ச் இதழின் ஓவியர்களையும் ஃபில் மே என்பாரின் கோட்டையும் இளமையில் பார்த்துப் பார்த்துப் பயின்றவரே. அவரை லண்டனில் யாரும் நகல் என்று ஏசியதாக நாம் கேட்டதில்லை.

தமிழர்க்கு இவ்வுண்மையை வெளியிலிருந்து ஒருவர் வந்து உணர்த்த வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் வகுத்து, வழிநூலுக்கும் நூல் என்ற பெயரையே தந்தது நம் இலக்கணம். முதல்நூலோடு ஒத்து வந்து, வேண்டுமிடத்து வேறுபாடும் காட்டுவதே வழிநூலுக்கு அழகு என்றனர். அம்மட்டோ! சிறப்புப்பாயிரத்தில் ஆசிரியன் பெயரை அடுத்தே நூல் வந்த வழியையும் கூறவேண்டும் என்று விதித்தனர். கம்பர் தமக்கு முன் இக்கதை சொன்ன வடமொழிப் புலவரைப் பாயிரத்திலேயே வணங்கிவிட்டுத்தான் நூலைத் தொடங்கினார். எந்தச் சங்க மேடையிலாவது கம்பரை வான்மீகியின் நகல் என்று சொல்லிவிட்டு ஒருவர் நல்லபடி வீடு திரும்ப முடியுமா? லோவின் பெயரைத் தம் வாயாலேயே சொன்ன லக்ஷ்மண் அந்தப் பாயிர மரபின்படிதான் நடந்தார். சொல்லுக்கு ஒரு நீதி, கோட்டுக்கு ஒரு நீதியா?

நம் பத்திரிகை ஓவியர்களையே எடுத்துக்கொள்வோம். தஞ்சையில் பிறந்து குடந்தை ஓவியப்பள்ளியில் பயின்ற கோபுலு, ஆனந்த விகடனில் மாலி வரைந்த படங்களில் மயங்கி அவரையே நாடிச் சென்றவர். மாலி அந்த இளைஞருக்கு இட்ட தொடக்கப் பணிகளுள் ஒன்று யாது? திருவையாற்றில் தியாகராஜர் பூசித்த இராம பட்டாபிஷேகப் படத்தின் முன்னமர்ந்து அதைப் பார்த்து வரைந்து வருவது! அவ்வாறு பார்த்து வரைந்த கைதான் பின்னர்த் தில்லானா மோகனாம்பாளின் நாகசுரக் குழுவை நம் கண்முன் நடமாடவிட்டது. சிற்பியோ ஆண்டுக்கணக்கில் கோயில் கோயிலாகச் சென்று, கல்லில் முன்னோர் வடித்ததைத் தாளில் வடித்து, ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று நமக்கு அளித்தார். நகலெடுத்தல் பாவமாயின் அவரினும் பெரிய பாவி தமிழ்நாட்டில் இல்லை.

லக்ஷ்மண் கதையில் இன்னொரு பாதியும் உண்டு; கருவிலே திருவுடையார் கட்சிக்காக அதையும் சொல்கிறோம். பம்பாய் ஜே. ஜே. ஓவியப்பள்ளியில் சேர விண்ணப்பித்தபோது சன்னலுக்கு வெளியே தாம் கண்டு வரைந்தவற்றையே அவர் அனுப்பினார். காய்ந்த சுள்ளிகள், ஊர்ந்து செல்லும் பல்லியினங்கள், விறகு பிளக்கும் வேலையாள், எதிர்வீட்டுக் கூரைமேல் விதவிதமாக அமர்ந்த காக்கைகள். பள்ளி ஏற்கவில்லை. (இதைக் காட்டி ஓவியப்பள்ளிகளையே நையாண்டி செய்வோருடன் நாம் சேரமாட்டோம், கோபுலுவும் சிற்பியும் பள்ளியில் பயின்றவர்களே.) அந்தக் காக்கையை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. பஞ்ச் இதழில் கற்ற கண்ணைக் கொண்டு மைசூர்க் கூரைமேல் காக்கையைப் பார்த்தார் என்பதுதான் செய்தி. அயல்நாட்டுத் தாள் அவர் கண்ணைத் தன் ஊரிலிருந்து பறித்துக்கொண்டு போகவில்லை. ஊரைக் காணத் திறந்துவிட்டது.

அக்கண்ணுக்குக் களம் அமைத்தவர் யார் என்பதும் இங்கு வாழும் தமிழர் மறக்கத்தகாதது. தமையனார் ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளுக்கு ஹிந்து இதழில் படம் வரைந்தார். ‘ராசி’ என்ற மருத்துவர் எம். சிவராம் 1942-இல் தொடங்கிய கன்னட நகைச்சுவை இதழான ‘கொறவஞ்சி’ அந்த மாணவரின் கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. தமிழ் வீட்டுப் பிள்ளை, ஆங்கிலத் தாளைப் பார்த்துக் கற்று, கன்னட இதழில் வரைந்தார். இவருள் எத்துணை விழுக்காடு தமிழ் என்று நிறுத்துப் பார்க்க முனைவோர் தராசைக் கீழே வைப்பது நலம்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மைசூரிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் பலர் சப்பானியப் படக்கதைகளைப் பார்த்து, பெருங்கண்ணும் கூர்மோவாயுமாக முகங்கள் வரைகின்றனர். “இது நம் முகமா? எங்கோ பார்த்து வரைந்தது” என்று பெற்றோர் சலிக்கின்றனர். விழாக்களில் நடக்கும் ஓவியப் போட்டியிலோ ‘பார்த்து வரைதல் கூடாது’ என்று விதியைப் படித்துவிட்டு, நாட்காட்டி வள்ளுவரை மனப்பாடமாக வரைந்த பிள்ளைக்கே முதற்பரிசு அளிக்கின்றனர். அதுவும் பார்த்து வரைந்ததுதானே? என்றோ பார்த்தது என்பதால் சொந்தமாகிவிட்டதா? சப்பானிய முகத்தை நூறுமுறை வரையும் பெண், நூற்றோராம் முறை தன் பாட்டியின் முகத்துக்கு அக்கண்களை வைத்துப் பார்ப்பாள்; பொருந்தாமை கண்டு திருத்துவாள். அத்திருத்தத்தில்தான் அவள் கோடு பிறக்கும். அதற்குள் நாம் அவள் கையைத் தட்டிவிடுகிறோம்.

மேலும் ஒரு கொடுமை. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, கெட்டி அட்டை போட்டு வைத்தவர்கள் நம் தாய்மார். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை மணியம் படங்களோடு இன்று புரட்டிப் பார்க்கக் கிடைக்கிறதென்றால் அது பெரும்பாலும் அத்தையல்களின் கொடை. பின்வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் கதை இருக்கும், படம் இராது. அத்தொகுதிகளைத்தான் வீடு மாற்றும்போது பழைய தாள் கடையில் எடைக்குப் போடுகின்றோம். நூலகம் வைத்துள்ள சங்கங்களும் ‘புத்தகமல்ல, பத்திரிகை’ என்று சொல்லி அவற்றைத் திருப்பி அனுப்புவதுண்டு. கைப்பேசியில் எல்லாப் படமும் வருகிறதே என்பர். வருகிறது, விரல் தள்ள, போயும்விடுகிறது. மழைநாளில் தரையில் குப்புறப் படுத்து ஒரே படத்தை ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருக்கக் காகிதம் இடந்தருவதுபோல் அது தருவதில்லை.

லக்ஷ்மண் 2015-ஆம் ஆண்டு சனவரி 26-இல் புணேயில் காலமானார். அவருக்கு மலர்மாலை சூட்டும் சங்கங்களை நாம் கேட்பது ஒன்றே. நூலகத்தின் அடித்தட்டில், பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், பூட்டில்லாத ஓர் அலமாரி வையுங்கள். மணியமும் கோபுலுவும் சிற்பியும் அதில் இருக்கட்டும். பஞ்ச் இதழும் சப்பானியப் படக்கதையும் பக்கத்திலேயே கிடக்கட்டும். பார்த்து வரைய வெள்ளைத்தாளும் பென்சிலும் அருகில் வையுங்கள். அடுத்த விழாவின் போட்டி விதிகளை அச்சுக்கு அனுப்புமுன் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள்.