வெறுங்கையோடு திரும்பிய நாளும் பதிவாக வேண்டும்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம்: ஏலத் தோட்டங்கள், பூப்பாறை, சாந்தன்பாறை, ஆனையிறங்கல் நீர்த்தேக்கம். இந்த மலைத்தொடரின் எழுதப்பட்ட வரலாறு தேயிலையிலிருந்து தொடங்குவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் தேயிலைக்கு முன்பே இங்கு வேட்டைத் துப்பாக்கி வந்துவிட்டது. அதனோடு நாட்குறிப்பேடும் வந்தது.

டக்ளஸ் ஹாமில்டன் சென்னைப் படையின் அதிகாரி. ஆனைமுடியின் உச்சியை அடைந்ததாக எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அவருடையது, ஆண்டு 1862. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அவர் மேற்கொண்ட வேட்டைப் பயணங்களின் நூல் 1892-இல் இலண்டனில் வெளிவந்தது. 1844 முதல் 1870 வரை அவர் எழுதிவைத்திருந்த நாட்குறிப்புகளைக் கொண்டு அவருடைய சகோதரர் பதிப்பித்த நூல் அது. 1870-களின் இறுதியில் டர்னர் சகோதரர்கள் வேட்டைக்காக ஏறியதும் போடிப் பக்கத்து மலைப்பாதை வழியேதான். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். தோட்டங்கள் அதன் பிறகே எழுந்தன.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். அது காலத்தின் தேவை; அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் வேட்டையோடு சேர்ந்து, காட்டுக்குச் சென்று திரும்பிய இரவில் விளக்கடியில் அமர்ந்து எழுதும் வழக்கமும் அருகிப்போனது. அது தேவையற்ற இழப்பு.

இத்தகைய குறிப்புகளின் பயன் என்ன என்பதற்குச் சாந்தன்பாறையே சான்று. 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவோடு பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். மறையூர், மூணாறு, சாந்தன்பாறை எனப் பல இடங்களில் முகாமிட்டார். அன்றைய முறைப்படி பறவைகளைச் சுட்டே மாதிரிகள் சேர்க்கப்பட்டன. ஆயினும் எந்த நாள், எந்த இடம், எந்த உயரம், எந்தப் பறவை என்பவை ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. அதனால்தான் முக்கால் நூற்றாண்டு கழித்து, 2009-இல், கேரள ஆய்வாளர்கள் அதே பயணவழியைப் பின்பற்றி மறுகணக்கெடுப்பு நடத்த முடிந்தது. எழுதியவர் அறியாத கேள்விக்கு எழுதப்பட்ட தாள் விடை சொன்னது.

மீன்பிடிப்பில் இதைவிடத் தெளிவான சான்று உண்டு. காவிரியின் திமில் மஹசீர் மீன், எச்.எஸ். தாமஸ் 1873-இல் தம் தூண்டில் நூலை எழுதிய காலந்தொட்டே ஆங்கிலேயத் தூண்டில்காரர்களிடம் புகழ்பெற்றது. அப்படியிருந்தும் அதற்குரிய அறிவியல் பெயர் எது என்பது 2018-இல்தான் உறுதியானது. அந்தப் பெயர் இடுக்கியோடு தொடர்புடையது. மறையூர்ப் பக்கம் பாயும் பாம்பாற்றிலிருந்து 2010-இல் விவரிக்கப்பட்ட டோர் ரமாதேவி என்னும் இனமும் காவிரியின் திமில் மீனும் ஒன்றே எனத் தெரியவந்தது. அதே ஆண்டு அது மிக அருகிய இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அந்த மீன் அருகி வருகிறது என்பதை முதலில் காட்டியவை தூண்டில்காரர்களின் பதிவேடுகள். கர்நாடகத்தின் கலிபோர் மீன்பிடி முகாமில் 1998 முதல் 2012 வரை, பிடித்த மீனை மீண்டும் ஆற்றில் விடும் முறை இருந்தது. எத்தனை மணி நேரம் தூண்டில் போடப்பட்டது, என்ன மீன் சிக்கியது, எடை என்ன என்பவை அங்கே எழுதப்பட்டன. 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் குறிப்புகளை ஆய்வாளர்கள் 2015-இல் பகுத்தாய்ந்தனர். மொத்த மஹசீர் எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆனால் பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர். மண்ணுக்குரிய திமில் மீன் அரிதாகிவிட்டிருந்தது. இனத்தைப் பிரித்து எழுதாமல் 'மஹசீர்' என்று மட்டும் குறித்திருந்தால் இந்த இழப்பு வளர்ச்சியாகவே தோன்றியிருக்கும். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது சட்டப்படி நிறுத்தப்பட்டபோது முகாமின் பதிவேடும் நின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 'இரண்டு மீன் கிடைத்தது' என்ற குறிப்பால் பயனில்லை. 'நான்கு மணி நேரத்தில் இரண்டு' என்றால்தான் அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும். 'ஆறு மணி நேரம். ஒன்றுமில்லை' என்ற வரி அதைவிட மதிப்புடையது. பெருமைக்காக எழுதுபவர் அந்த வரியை விட்டுவிடுவார். இன்றைய முகநூல் படங்களின் குறையும் இதுவே. கையில் ஏந்திய பெரிய மீன் படத்தில் இருக்கும். வெறுங்கையோடு திரும்பிய பத்து நாட்கள் எங்கும் இருக்காது. அவற்றை மட்டும் பார்த்தால் ஆறு என்றும் நிறைந்திருப்பதாகவே தோன்றும்.

பழைய வேட்டைக் குறிப்புகள் கொலைக்கணக்கு அல்லவா, அவற்றைப் போற்றுவது சரியா என்ற எதிர்வாதம் நியாயமானது. போற்ற வேண்டியதில்லை, படிக்க வேண்டும். கொன்றவர் எழுதிய கணக்கே கொல்லப்பட்டவற்றுக்கு எஞ்சிய சாட்சியாகவும் இருக்கிறது. தமிழ்நாடு 2022-இல் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2024-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் பதிவாயின. இந்த எண் நிறைவா குறைவா என்று எடைபோட, ஒரு நூற்றாண்டுக்கு முன் அவை எந்தெந்த முகடுகளில் மேய்ந்தன என்று தெரிய வேண்டும். அதை எழுதிவைத்தவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்களே.

அந்த ஏடுகளின் பெருங்குறை வேறு. தடம் பார்த்துக் காட்டியவர், காற்றின் திசை அறிந்து நிறுத்தியவர், இரவில் தீ மூட்டியவர் ஆகியோருக்கு அவற்றில் பெரும்பாலும் பெயர் இல்லை. 'கூலி' என்றோ 'மலைவாசி' என்றோதான் வருகின்றனர். கண்ணன் தேவன் என்ற வழிகாட்டியின் பெயரே மலைக்கு நின்றது என வாய்மொழி வரலாறு சொல்கிறது. எத்தனையோ முதுவர் வழிகாட்டிகளுக்கு அந்த அளவு நினைவுகூட வாய்க்கவில்லை. இடங்களைக் கண்டறிந்ததாக ஏட்டில் இருப்பவர் வேறு. அந்த இடங்களை முன்பே அறிந்திருந்தவர் வேறு.

ஆகவே, அனுமதியுள்ள நீர்நிலைகளில் தூண்டில் போடுவோரும் காட்டுப் பாதைகளில் நடப்போரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நீரின் நிறம், மழை, கண்டது, காணாதது, உடன் வந்தவரின் பெயர் என இவ்வளவு போதும். அரிய உயிர்களின் துல்லியமான இடத்தை ஏட்டில் எழுதலாம், பொதுவெளியில் இடக்கூடாது. பங்களாக்களின் அலமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும் தாத்தாவின் வேட்டைக் குறிப்பேடு கிடந்தால், வெட்கப்பட்டு எரிக்கவும் வேண்டாம், பெருமைப்பட்டுக் கண்ணாடிக்குள் வைக்கவும் வேண்டாம். ஒளிப்படம் எடுத்து, அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு படி கொடுக்கலாம்.

போடிமெட்டின் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் இருப்பது தெரியாது. முன்னே சென்றவர் கண்டதைச் சொன்னால்தான் பின்னே வருபவர் அடியெடுத்து வைக்க முடியும். எதிரே ஒன்றும் தென்படவில்லை என்றால், அதையும் அவர் சொல்லியாக வேண்டும்.