குளத்துக்குப் போகாத பிள்ளைகள்

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆனால் அடுத்த ஆண்டு நடந்தது அதைவிட நம் சிந்தனைக்குரியது. கொத்தமங்கலம், கீரமங்கலம் பகுதி இளைஞர்கள், யாரும் வந்து செய்து தரட்டும் என்று காத்திராமல், நன்கொடை திரட்டித் தங்கள் ஊர்க் குளங்களைத் தாங்களே தூர்வாரினார்கள்.

இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது? பாடப்புத்தகத்திலிருந்து வந்திருக்க முடியாது என்றே நாம் எண்ணுகிறோம். சிறுவயதில் அந்தத் தண்ணீரில் குதித்து, கரையில் நாவற்பழம் பொறுக்கித் தின்றவருக்குத்தான் அது 'நம்ம குளம்'. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா, நார்வேயிலும் அமெரிக்காவின் கென்டக்கியிலும் சுற்றுச்சூழலுக்காக உழைப்பவர்களைச் சந்தித்து, எது உங்களை இந்தப் பணிக்கு இழுத்தது என்று கேட்டார். அவர்கள் அதிகமாகச் சொன்னவை இரண்டு: இளமையில் இயற்கையின் நடுவே கழித்த நாள்கள்; அதை நேசிக்கக் கற்றுத் தந்த வீட்டுப் பெரியவர் ஒருவர்.

அந்த இரண்டாவது பதிலை நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். பிள்ளையை வெளியே அனுப்பினால் மட்டும் போதாது, உடன் ஒருவர் நடக்க வேண்டும். சேந்தன்குடியில் தம் நிலத்தையே காடாக்கிய 'மரம்' தங்கசாமி ஐயா அத்தகைய பெரியவர். புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2018 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

இன்று நம் பிள்ளைகள் பள்ளி விட்டால் தனிப்பயிற்சி, அது முடிந்தால் கைப்பேசி என்று இருக்கிறார்கள். பெற்றோரைக் குறை சொல்வது எளிது. ஆனால் 2023 பிப்ரவரி 15 அன்று என்ன நடந்தது? கால்பந்துப் போட்டிக்குச் சென்ற விராலிமலைப் பகுதி அரசுப் பள்ளி மாணவியர் நால்வர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தனர். அச்செய்தியைக் கேட்ட எந்தத் தாய் தன் மகளைத் தண்ணீர்ப் பக்கம் அனுப்புவாள்? அந்த அச்சம் நியாயமானது.

அந்த அச்சத்துக்கு நாமும் ஒரு காரணம். நம் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உண்டு. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில்கூட மீனும் அன்னமும் யானையும் உலவும் தாமரைக்குளம் தீட்டப்பட்டுள்ளது. மனிதர்கள் அதில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். இன்றோ பல குளங்களில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. அளவுமீறி மண் அள்ளிய இடத்தில் ஆளை விழுங்கும் பள்ளம், மழை பெய்தபின் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. குளம் கெட்டதால் பிள்ளையைத் தடுக்கிறோம். தடுக்கப்பட்ட பிள்ளை வளர்ந்தபின் குளம் கெடுவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அடுத்த புயலுக்குப் பிறகு தூர்வார யார் வருவார்கள்?

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத் தர வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. நம் ஊர்களில் அப்பாவோ மாமாவோ இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டதும் அதே பாடம்தான், கட்டணம் இல்லாமல்! திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், சூழலியல் கல்விக்குரிய இடங்களாகப் பள்ளி, குடும்பம் ஆகியவற்றோடு மறைக்கல்வியையும் குறிப்பிட்டார். நம் மறைக்கல்வி வகுப்புகளோ பெரும்பாலும் மின்விசிறியின் கீழேயே முடிந்துவிடுகின்றன.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், அரையாண்டு விடுமுறையின்போது நம் கண்மாய்களில் தண்ணீர் இருக்கும். அதற்கு முன்பே, கோடையில் குளம் வற்றிக் கிடக்கும்போது, பங்கு இளைஞர்கள் ஊர்ப் பெரியவர்களோடு இறங்கி நடந்து பார்த்தால் பள்ளம் எங்கே, பாதுகாப்பான படித்துறை எது என்று தெரிந்துவிடும். பள்ளத்தை மூடச் சொல்லி ஊராட்சியின் கிராம சபையில் மனு கொடுக்கலாம். மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. அப்போது பள்ளிகளுக்கும் விடுமுறைதான். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம்.