எதிரிக்கு எதிரி நமக்கு இமாம் அல்லன்



சென்ற வாரம் மாலைப் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், பத்து வயது மாணவர் ஒருவர் நம்மிடம் தயங்கி வந்து நின்றார். "ஹஜ்ரத், புடின் கலிமா சொல்லிவிட்டாராமே, உண்மையா?" என்றார். யார் சொன்னது என்று கேட்டோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா காணொலி அனுப்பியிருக்கிறாராம். அதில் ரஷ்ய அதிபர் ஒரு பள்ளிவாசலில் குர்ஆன் பிரதியை நெஞ்சோடு அணைத்து நிற்கிறாராம்.

காட்சி உண்மையானதுதான். 2023 ஜூனில், தாகெஸ்தானின் டெர்பென்ட் நகரத்துப் பழம்பெரும் பள்ளிவாசலில் எடுக்கப்பட்டது அது. கலிமா சொன்னார் என்பது மட்டுமே பொய். அந்தப் பிள்ளையிடம் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த மாமாவைக் கடிந்துகொள்ள மட்டும் நமக்கு நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

2021 டிசம்பரில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்துவது கலைச் சுதந்திரம் ஆகாது என்று புடின் பேசினார். அந்தச் செய்தி நம் சமூகத்தில் காட்டுத்தீயாய்ப் பரவியது. அடுத்த வெள்ளிக்கிழமை பயானில் நாமும் அதை எடுத்துச் சொன்னோம், புகழ்ந்தே சொன்னோம். ஐரோப்பியத் தலைவர்களுக்கு இல்லாத நாகரிகம் இவருக்கு இருக்கிறது என்று கூறியது நம் வாய்தான். அப்போதே உக்ரைன் எல்லையில் அவருடைய படைகள் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தன. இரண்டு மாதங்கள் கழித்து, 2022 பிப்ரவரி 24 அன்று விடியற்காலையில், அண்டை நாட்டின் நகரங்கள் மீது அவருடைய ஏவுகணைகள் விழுந்தன. அதற்கு அடுத்த ஜும்ஆவில் நாம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த மௌனத்திற்காக அல்லாஹ்விடம் பிழைபொறுக்கக் கேட்கிறோம். ஆனால் நம் சமூகத்தில் மௌனத்தையும் தாண்டிய ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஆக்கிரமித்தவரை வீரர் என்றும், இஸ்லாத்தின் நண்பர் என்றும் கொண்டாடுகிறார்கள். தாடி வைத்த நம் இளைஞர்கள் சிலர் அவருடைய படத்தைத் தம் கைப்பேசியின் முகப்பில் வைத்திருப்பதை நாமே கண்டோம். அவர்களோடுதான் இன்று வழக்காட வந்திருக்கிறோம்.

இஸ்லாத்தின் நண்பர் என்கிறீர்களே, குரோஸ்னி எங்கே போயிற்று? 1999ஆம் ஆண்டின் இறுதியில், புடின் முதலில் பிரதமராகவும் பிறகு பொறுப்பு அதிபராகவும் இருந்த அந்த மாதங்களில்தான் செச்சென் முஸ்லிம்களின் தலைநகரம் தரைமட்டமாக்கப்பட்டது. உலகிலேயே மிக மோசமாக அழிக்கப்பட்ட நகரம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு பின்னர் அதனைக் குறிப்பிட்டது. அலெப்போ எங்கே போயிற்று? 2015 செப்டம்பர் முதல் சிரியாவின் வானத்தில் ரஷ்ய விமானங்கள் யாருக்காகப் பறந்தன? 2024 டிசம்பரில் டமாஸ்கஸை விட்டு ஓடிய பஷார் அல்-அசத் எந்த நகரத்தில் தஞ்சம் புகுந்திருக்கிறார் என்று பாருங்கள். சைத்னாயா சிறையின் கதவுகள் திறந்தபோது கண்ணீர் விட்ட அதே கண்களால், அந்தச் சிறையைக் கட்டிக்காத்த ஆட்சிக்கு முட்டுக்கொடுத்தவரின் படத்தை எப்படி ரசிக்க முடிகிறது?

கிரீமியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டவர்களே குறைவு. கருங்கடல் ஓரத்துத் தீபகற்பம் அது. அங்கே நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் தாத்தார் முஸ்லிம்கள். 1944 மே 18 அன்று தொடங்கி மூன்றே நாட்களில் அவர்களில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரை ஸ்டாலினின் படை சரக்கு ரயில்களில் ஏற்றி உஸ்பெகிஸ்தானுக்கும் பிற தொலைவிடங்களுக்கும் நாடுகடத்தியது. எதிரியோடு சேர்ந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் அவர்களுடைய ஆண்மக்களில் பலர் சோவியத் படையிலேயே போர் செய்துகொண்டிருந்தார்கள்! வழியிலும், சென்றடைந்த இடத்தின் பசியிலும் நோயிலுமாகப் பல்லாயிரவர் மடிந்தனர். 1980களின் இறுதியில்தான் அவர்களுடைய பிள்ளைகளால் தாய்மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. திரும்பியவர்கள் ஒரு தலைமுறைக் காலம் நிம்மதியாக இருப்பதற்குள், 2014 மார்ச்சில் புடின் கிரீமியாவைப் பிடித்துத் தம் நாட்டோடு இணைத்துக்கொண்டார். தாத்தார் மக்களின் பிரதிநிதித்துவ அவையான மஜ்லிஸ் 2016இல் தீவிரவாத அமைப்பு என்று தடைசெய்யப்பட்டது. அவர்களுடைய மூத்த தலைவர் முஸ்தபா ஜெமிலேவ் சொந்த ஊருக்குள் கால்வைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டார். பள்ளிவாசலில் கூடிப் பேசியதையும் வீட்டில் வைத்திருந்த மார்க்க நூல்களையும் ஆதாரமாகக் காட்டி, எவரையும் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்படாத ஆண்களுக்குக்கூடப் பதினைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது. விடியற்காலையில் கதவைத் தட்டி வீட்டைச் சோதனையிடும் காவலர்கள் பற்றி நம் நாட்டு முஸ்லிம்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் ஹஜ்ரத், அமெரிக்காவைத் தட்டிக்கேட்க ஒருவராவது வேண்டாமா?" என்பார்கள். இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் வலி நமக்குத் தெரியும். பொய்க் காரணம் காட்டி 2003இல் இராக்கிற்குள் புகுந்தவர்கள் யார் என்பதை நாம் மறக்கவில்லை. காஸாவின் குழந்தைகள் மீது விழும் குண்டுகளை அனுப்பிவைப்பவர்களே, உக்ரைன் குழந்தைகளுக்காக மனித உரிமை பேசுவதையும் பார்க்கிறோம். போர் தொடங்கிய முதல் நாட்களில் மேற்கத்தியச் செய்தியாளர்கள் சிலர், இவர்கள் ஒன்றும் சிரியர்களோ இராக்கியர்களோ அல்லர், நாகரிக மக்கள் என்று தொலைக்காட்சியில் கூசாமல் பேசினார்கள். அது கேட்டு நம் நெஞ்சும் எரிந்தது. ஆனால் ஒன்று கேட்கிறோம். ஒரு குழந்தையின் உயிருக்கு ஒரு விலை, இன்னொரு குழந்தையின் உயிருக்கு வேறு விலை என்பதுதானே அவர்கள் மீது நாம் சாட்டும் குற்றம்? அதே தராசை எடுத்து, தட்டுகளை மட்டும் மாற்றிப் பிடித்துக்கொண்டால் நாம் அவர்களிலிருந்து எவ்வகையில் வேறுபட்டோம்? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. நமக்கே எதிராக முடிந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது அந்நிஸாவின் 135ஆம் வசனத்தின் கருத்து. அமெரிக்காவின் எதிரியாக இருந்தால் விலக்கு உண்டு என்று எந்தத் தஃப்ஸீரிலும் நாம் படித்ததில்லை.

நேட்டோ படைக்கூட்டணி ரஷ்யாவின் வாசல்வரை வந்துவிட்டது, அவர் வேறென்ன செய்வார் என்பது இன்னொரு வாதம். நேட்டோவுக்கு வக்காலத்து வாங்குவது நம் வேலையன்று. ஆனால் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உலகின் மூன்றாவது பெரிய அணுவாயுதக் குவியல் உக்ரைன் மண்ணில் இருந்தது. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்ட் நகரில் ஓர் உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. அணுவாயுதங்களை உக்ரைன் துறக்கும். அதன் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உறுதியளிக்கும். உக்ரைன் தன் சொல்லைக் காப்பாற்றியது. 1996க்குள் அத்தனை அணுகுண்டுகளும் ரஷ்யாவுக்கே அனுப்பப்பட்டன. ஹுதைபிய்யாவை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறோமே! உடன்படிக்கையின் மை காயும் முன்பே, விலங்கிட்ட கால்களோடு தப்பிவந்து அபயம் கேட்ட அபூஜந்தலை, வாக்குக் கொடுத்துவிட்டோம் என்ற ஒரே காரணத்திற்காக நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய வரலாறு அது. அன்று தோழர்கள் பட்ட வேதனையைச் சொல்லும்போது நம் குரலே தழுதழுக்கிறது. அந்தப் பாடத்தை நடத்திவிட்டு, ஒப்பமிட்ட தாளைக் கிழித்துப்போட்டவரை வீரர் என்று எந்த வாயால் சொல்வது?

நம் சமூகம் இப்படி வழுக்குவது முதல்முறையும் அன்று. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் படையனுப்பியபோது நாம் சிறுவர். அமெரிக்காவை எதிர்த்தார் என்பதால் அவருடைய படம் நம் தெருக் கடைகளில் தொங்கியது. அந்த ஆண்டுகளில் பிறந்த எத்தனை பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது என்பதை உங்கள் ஊர் ஜமாஅத் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். அதே சமயம் குவைத்தில் சம்பாதித்ததையெல்லாம் விட்டுவிட்டு, உடுத்த துணியோடு ஜோர்டான் பாலைவனத்து முகாம்களில் நம் ஊர்க்காரர்கள் விமானத்திற்காகக் காத்துக்கிடந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அன்று அழைத்துவர வேண்டியிருந்தது. வாப்பா வெறுங்கையோடு திரும்பிய அதே வீட்டுச் சுவரில் சதாமின் படம்!

அறிஞர் என்று பெயர் பெற்றவர்களின் நிலையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வடகாகசஸ் பகுதியின் முஃப்திகள் சிலர், உக்ரைனில் ரஷ்யப் படைக்காகச் சாகும் முஸ்லிம் ஷஹீத் ஆவார் என்று அறிவித்தனர். செச்சன்யாவின் தலைவர் கதீரோவ் இதற்கு ஜிஹாத் என்றே பெயர் சூட்டினார். மறுபுறம் ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் தலைவர், இப்போரில் கடமையாற்றி இறப்பவனின் பாவங்கள் எல்லாம் கழுவப்படும் என்று உபதேசித்தார். சொர்க்கத்தின் திறவுகோல்கள் கிரெம்ளின் அலமாரியில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. உக்ரைன் தரப்பிலும் செச்சென் முஸ்லிம்கள் போரிடுகிறார்கள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். இருபுறமும் கலிமா சொல்லும் நாவுகள். ஆனால் எல்லா ஆலிம்களும் விலைபோய்விடவில்லை. உக்ரைனில் முஃப்தியாக இருந்த சயீத் இஸ்மாகிலோவ் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து, காயம்பட்டவர்களை ஏற்றிவரும் வண்டியின் ஓட்டுநரானார். 2022 செப்டம்பரில் புடின் மூன்று லட்சம் பேரைப் படைக்கு அழைத்தபோது, தாகெஸ்தானின் தலைநகர் மகாச்கலாவில் முக்காடிட்ட தாய்மார்கள் தெருவில் இறங்கிக் காவலர்களை எதிர்த்து நின்றார்கள். "எங்கள் நண்பர் புடின்" என்று எழுதும் தம்பிமார்கள் அந்த உம்மாக்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி, நம்மை இதை எழுதத் தூண்டிய உடனடிக் காரணம். 2024 நவம்பர் 19 அன்று போர் ஆயிரமாவது நாளை எட்டியது. அன்றைய தினமே, எந்தெந்தச் சூழலில் அணுவாயுதம் பயன்படுத்தலாம் என்ற விதிகளைத் தளர்த்தும் ஆணையில் புடின் ஒப்பமிட்டார். அதே நாளில் அமெரிக்கா தந்த நெடுந்தூர ஏவுகணைகள் ரஷ்ய மண்ணில் விழுந்தன. இரண்டு நாள் கழித்து, அணுகுண்டு சுமக்கவல்ல ஒரெஷ்னிக் என்ற புதிய ஏவுகணையைத் தினிப்ரோ நகரின் மீது ரஷ்யா ஏவிக் காட்டியது. வடகொரியப் படைவீரர்கள் களத்துக்கு வந்துவிட்டார்கள். ஐரோப்பாவின் மிகப்பெரிய அணுமின் நிலையமான ஜாப்போரிஜியா, 2022 மார்ச் முதல் ஆக்கிரமிப்புப் படையின் பிடியில், போர்முனைக்கு அருகிலேயே நிற்கிறது. ஒரு மனிதரின் தன்முனைப்பில் பூமி தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த அச்சத்தைக்கூட நம்மவர்களில் சிலர் வியாபாரமாக்கிவிட்டார்கள்! மூன்றாம் உலகப்போர் வருகிறது, மல்ஹமா தொடங்கிவிட்டது, மஹ்தி (அலை) வரப்போகிறார் என்று பின்னணி இசையோடு காணொலிகள். பார்ப்பவர்களும் கிரிக்கெட் இறுதிப் போட்டிக்குக் காத்திருப்பவர்களைப் போல ஆவலோடு காத்திருக்கிறார்கள். இறுதிக்கால அடையாளங்களை நாம் நம்புகிறோம். ஆனால் எதிரியைச் சந்திக்க ஆசைப்படாதீர்கள், அல்லாஹ்விடம் நல்வாழ்வைக் கேளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு அறிவுறுத்தியதை இந்தக் காணொலிக்காரர்கள் ஏன் சொல்வதில்லை? போர்க்களத்திற்குச் சென்ற தளபதிக்கு, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லாதே, கனிதரும் மரத்தை வெட்டாதே என்று அறிவுரை கூறி அனுப்பியவர் அபூபக்ர் (ரலி). அணுகுண்டுக்கு எந்த மரம் தெரியும்?

எங்கோ நடக்கும் சண்டை என்று ஒதுங்கவும் வழியில்லை. போர் தொடங்கிய மாதங்களில் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏன் ஏறியது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கார்கிவிலும் சூமியிலும் நிலவறைகளில் பதுங்கியிருந்த மருத்துவ மாணவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். உதவியாளர் வேலை என்று முகவர்கள் ஆசைகாட்டி ரஷ்யாவுக்கு அனுப்பிய இந்திய இளைஞர்கள் சிலர், துப்பாக்கி கொடுக்கப்பட்டுப் போர்முனையில் மாண்டுபோனார்கள். ரஷ்யாவில் வேலை என்று உங்கள் ஊருக்கு எவராவது வந்தால், பாஸ்போர்ட்டை நீட்டும் முன் ஜமாஅத்தாரிடம் ஒருமுறை கலந்துபேசுங்கள்.

அந்த மாணவர் மறுநாளும் வந்தார். "புடின் முஸ்லிம் இல்லையென்றால், அந்த நாட்டுக்காரர்கள் முஸ்லிமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்றோம். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நாம் யாருக்கு துஆச் செய்வது?" என்றார். சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தின் அருகே அவரை அழைத்துச் சென்று, காஸாவையும் கிரீமியாவையும் கார்கிவையும் அவர் விரலாலேயே தொடவைத்தோம். இன்று மஃக்ரிபுக்குப் பின் அந்த மூன்று பெயர்களையும் சொல்லி அவர்தான் துஆ ஓதினார். நாம் ஆமீன் கூறினோம்.