சிமெண்ட் ஊரில் என்ன இருக்கிறது பார்க்க?

அரியலூர் என்றாலே சிமெண்ட், சுண்ணாம்புக்கல் லாரி, புழுதி. திருமானூர் வழியே தஞ்சை போகிறவர்கள் கொள்ளிடப் பாலத்தில் எட்டிப் பார்ப்பதோடு சரி. பக்கத்திலேயே கரைவெட்டி ஏரி. 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவித்தார்கள். இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைத் தை மாத விடியலில் கரையில் நின்றே பார்க்கலாம். (புள்ளம்பாடி வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்தால்தான் அது ஏரி!)

என் ஆதங்கமெல்லாம் சுரங்கக் குழிகள் மேல்தான். டைனோசர் காலத்தில் இங்கே கடல். அதில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் கல்லாகிப்போன சுருள்கள் சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து அரைபடுகின்றன. வாரணவாசியில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பதும் பாறையிலேயே பார்ப்பதும் ஒன்றா? தோண்டி முடித்த ஒரு குழிக்காவது வேலி போட்டு, படி வெட்டி, பள்ளிப் பிள்ளைகளை இறங்கிப் பார்க்க விடலாம். மழைத் தண்ணீர் நிரம்பி மூடுவதற்குள் செய்தால் தேவலை.