மூன்றில் தேறியவள் நான்கையும் எழுத வேண்டுமாம்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எனக்கு ரைட்டிங்கில் வந்தது 6. வேண்டியது 6.5. மற்ற மூன்றிலும், லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்கில், பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில் கேட்கும் 7 வந்துவிட்டது. குறைந்த அந்த அரைக்காக நான்கையும் முதலிலிருந்து எழுது என்றால் அது என்ன நியாயம்?

பத்தாம் வகுப்பில் கணக்கு போனால் துணைத்தேர்வில் கணக்கை மட்டும்தான் எழுதுகிறோம். கல்லூரியில் அரியர் விழுந்தால் அந்தப் பேப்பருக்குத்தான் பணம் கட்டுகிறோம். தேறிய பாடத்தை மறுபடி எழுதச் சொல்லி இங்கே யாரும் கேட்டதில்லை.

ஐஇஎல்டிஎஸ் நடத்துகிறவர்களுக்கும் இது புரியாமல் இல்லை. நான்கில் ஒன்றை மட்டும் திரும்ப எழுதும் ‘ஒன் ஸ்கில் ரீடேக்’ 2023இல் இந்தியாவுக்கும் வந்தது. முதல் தேர்வு எழுதிய 60 நாளுக்குள், ஒரே ஒரு தடவை. புது மதிப்பெண்ணைப் பழைய மூன்றோடு சேர்த்துத் தனிச் சான்றிதழே தருகிறார்கள். அதை எல்லா நாடும் எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம். ஒவ்வொரு இடமாக நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் என்னால் அந்தப் படியைக்கூட மிதிக்க முடியவில்லை. கணினியில் எழுதியவர்களுக்கு மட்டும்தான் ரீடேக். நான் எழுதியது தாளில்.

தாளை ஏன் எடுத்தேன்? விழுப்புரத்தில் வார்டில் நிற்கும் நாங்கள் கேஸ் ஷீட், மருந்துச் சார்ட், டியூட்டி ஒப்படைப்பு எல்லாவற்றையும் கையால் எழுதியே பழகியவர்கள். திண்டிவனத்தில் கோச்சிங் எடுத்த சாரும், “டைப்பிங் பழக்கம் இல்லன்னா பேப்பரே போடும்மா” என்றார். சரியான யோசனைதான். 60 நிமிடத்தில் 150 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றும் எழுதி முடிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக விசைப்பலகையில் தேடிக்கொண்டிருந்தால் பாதிக் கட்டுரையிலேயே நேரம் முடிந்துவிடும். கணினி பழகியவளுக்குச் சறுக்கினால் இன்னொரு வாய்ப்பு. பழகாதவளுக்கு அது இல்லை. உதவி யாருக்கு அதிகம் வேண்டும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லையா?

ஆக, முழுத் தேர்வு மறுபடியும். கட்டணம் 17,000 ரூபாய்க்குக் குறையாது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அது ஒரு மாதச் சம்பளம். தேர்வு சென்னையில். திண்டிவனத்திலிருந்தே சுமார் 125 கிலோமீட்டர். ஸ்பீக்கிங்கை வேறு தேதியில் போட்டுவிட்டால் இன்னொரு லீவு, இன்னொரு பஸ் செலவு, டியூட்டி மாற்றிக்கொள்ள இன்னொரு அக்காவிடம் கெஞ்சல். நைட் முடித்து, தூங்காத கண்ணோடு போய் 11 நிமிடமோ 14 நிமிடமோ இங்கிலீஷ் பேச வேண்டும். இந்தத் தடவை ரைட்டிங்கில் 6.5 வந்தது. ஸ்பீக்கிங் 6க்கு இறங்கிவிட்டது.

இரண்டு தேர்வின் மதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டும் கிளப்பிங் உண்டுதான். அதற்கான கால இடைவெளியைக் கவுன்சில் 2023இல் ஆறு மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டியது, நல்ல காரியம். ஆனால் இரண்டு தடவையிலும் எந்தப் பகுதியும் தேவையான மதிப்பெண்ணுக்கு அரைக்கு மேல் குறையக்கூடாது. ஸ்பீக்கிங்கில் 6.5ஆவது வந்திருந்தால் போதும். 6 வந்ததால் கிளப்பிங் கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை 7 எடுத்துக் காட்டிய அதே ஸ்பீக்கிங்! தேறியதைத் திரும்ப எழுதவைத்து, அதிலேயே விழவும் வைத்துவிட்டார்கள்.

விதி மாறாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். ரைட்டிங்குக்கு 7 கேட்டுக்கொண்டிருந்த இதே கவுன்சில் 2018 கடைசியில் அதை 6.5 ஆக்கியது. அவர்களுக்கு நர்ஸ் தேவை. நம் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது, பிரிட்டனுக்கு நர்ஸ்களையும் அனுப்பியிருக்கிறது. அந்த நிறுவனம் பேசினால் தேர்வு நடத்துகிறவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். தாளில் எழுதியவர்களையும் ரீடேக்குக்குச் சேர்க்கச் சொல்லட்டும். முடியாது, கணினிதான் என்றால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகளே இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு கணினி அறையைக் கேட்டு வாங்கி, இந்தப் பக்கத்துப் பெண்கள் அங்கேயே எழுத ஏற்பாடு செய்யட்டும்.